ஒரு பல் கூடினால் எவ்வளவு பெட்ரோல் மிஞ்சும்?

மோட்டார்சைக்கிளின் முன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது எஞ்சின் பக்கம் செயினை இழுக்கும் பல்சக்கரத்தில், ஒரு பல்லைக் கூட்டினால் மைலேஜ் ஏழு சதவீதம் ஏறும் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. வண்டி இழுக்காது, கிளட்ச்தான் தேயும் என்று அதே வேகத்தில் மறுப்பவர்களும் உண்டு. இந்த மாற்றத்தை என் வண்டியில் செய்து, நீண்ட காலம் ஓட்டி, பெட்ரோல் கணக்கை விடாமல் எழுதி வருகிறேன். நெடுஞ்சாலையில் பயன் நிச்சயம் உண்டு என்பதும், அது ஏழு சதவீதத்தில் பாதியைத் தொட்டாலே பெரிது என்பதும் என் முடிவு. அந்தப் பயன் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி. அது புரியாமல் பல்லை மட்டும் மாற்றுபவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள்.

முதலில் எளிய கணக்கு. பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை முன் ஸ்ப்ராக்கெட்டின் பற்களால் வகுத்தால் கிடைப்பது இறுதி விகிதம். முன்னால் 14, பின்னால் 42 என்றால் விகிதம் 3. முன்னால் 15 ஆக்கினால் 2.8. அதாவது அதே கியரில், அதே வேகத்தில் எஞ்சின் 6.7 சதவீதம் மெதுவாகச் சுழலும். இதே அளவு மாற்றத்தைப் பின்னால் செய்ய வேண்டுமானால் 42ஐ 39 ஆக்க வேண்டும். முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூன்று பற்களுக்குச் சமம். முன் ஸ்ப்ராக்கெட் சிறியது, விலை குறைந்தது, மாற்றுவதும் சுலபம் என்பதால் பெரும்பாலோர் அதைத்தான் தொடுகிறார்கள்.

125 சிசி வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்சக்கரத்தில் 100/90-17 டயர். சுற்றளவு ஏறத்தாழ 1.92 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 520 முறை சுற்றும். இறுதி விகிதம் 3, டாப் கியரின் விகிதம் 0.95, எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவிலுள்ள முதன்மை விகிதம் 3.35 என்று வைத்துப் பெருக்கினால் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மிக அருகில் சுழல்கிறது. 15 பல் போட்டதும் அது 4640 ஆக இறங்குகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 6620 என்பது 6180 ஆகும். காதுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். வண்டி அமைதியாகிவிட்டது, கைப்பிடியில் நடுக்கம் குறைந்துவிட்டது என்று மனம் மகிழும். அந்த மகிழ்ச்சியில் பெட்ரோலும் அதே அளவு குறைந்திருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

அப்படிக் குறைவதில்லை. ஒரு கிலோமீட்டர் ஓட எத்தனை சுற்று சுற்றினோம் என்பதைப் பார்த்து எஞ்சின் பெட்ரோல் குடிப்பதில்லை. சாலை கேட்கும் வேலையைச் செய்யத்தான் குடிக்கிறது. சாலை கேட்பது என்ன? வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோ என்று கொள்வோம். நிமிர்ந்து உட்கார்ந்து 60இல் போகும்போது காற்றைப் பிளக்க ஏறக்குறைய 1.7 கிலோவாட், டயர் உருள்வதற்கு அரை கிலோவாட், மொத்தம் 2.2 கிலோவாட். இந்த எண் ஸ்ப்ராக்கெட்டில் எத்தனை பல் இருந்தாலும் மாறாது. காற்றுக்கும் டயருக்கும் நம் கியர் கணக்கு தெரியாது.

மாறுவது எஞ்சினுக்குள் நடக்கும் வீண்செலவு. 8 கிலோவாட் வரை தரக்கூடிய எஞ்சினிடம் நாம் 2.2 மட்டும் கேட்கிறோம். ஆகவே எஞ்சினுக்குள் காற்று போகும் வாசலான த்ராட்டில் பெரும்பகுதி மூடியே இருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்த மூடிய வாசலின் இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கப் போராடுகிறது. ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு தண்டை இழுத்துப் பாருங்கள். கையில் தெரியும் அந்த எதிர்ப்பைத்தான் பிஸ்டன் ஒவ்வொரு உறிஞ்சும் வீச்சிலும் சந்திக்கிறது. இதோடு பிஸ்டன் வளையங்கள், தாங்கிகள், வால்வுகள், ஆயில் பம்ப் எல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் தங்கள் உராய்வுக் கூலியை வாங்கிக்கொள்கின்றன. சுற்று குறைந்தால் கூலியும் குறையும். சுற்று குறைந்த எஞ்சினில் அதே 2.2 கிலோவாட்டை எடுக்க த்ராட்டிலைச் சற்று அதிகம் திறந்தாக வேண்டும். அதனால் உறிஞ்சும் போராட்டமும் தணியும். பல் மாற்றத்தின் லாபம் முழுவதும் இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் வருகிறது.

எரிந்த பெட்ரோல் பிஸ்டனுக்குக் கொடுத்த வேலையில் மூன்றில் ஒரு பங்கு இப்படி உள்ளேயே தீர்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பங்கில் 6.7 சதவீதம் மிச்சமானால் மொத்தச் செலவில் குறைவது 2 சதவீதத்துக்குச் சற்று மேல். பாதிப் பங்கு தீர்கிறது என்றால் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். த்ராட்டில் அதிகம் திறப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக, 2 முதல் 4 சதவீதம் என்பது நேர்மையான எதிர்பார்ப்பு. என் பதிவேடும் இந்த எல்லைக்குள்தான் நிற்கிறது: நெடுஞ்சாலையில் லிட்டருக்கு ஓரிரு கிலோமீட்டர் கூடியது, நகரத்துக்குள் வித்தியாசம் என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை.

நகரத்துக்குள் ஏன் இல்லை என்பது யோசித்தால் விளங்கும். அங்கே பெட்ரோலைத் தின்பது சிக்னலில் நிற்பதும், மறுபடி வேகமெடுப்பதும், எடுத்த வேகத்தை பிரேக்கில் கரைப்பதும். டாப் கியரில் சீராக ஓடும் நேரம் மிகக் குறைவு. அது போதாதென்று, எல்லாக் கியர்களிலும் பின்சக்கரத்துக்குப் போகும் இழுவை 6.7 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஒன்றாம் கியரில் கிளம்பும்போது கிளட்ச்சைக் கூடுதல் நேரம் நழுவவிட வேண்டியிருக்கிறது. பின்னால் ஒருவரை உட்காரவைத்து மேட்டில் நிறுத்திக் கிளப்பினால் இது நன்றாகவே தெரியும். கிளட்ச் தேயும் என்று சொல்பவர்களின் வாதத்தில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். தினமும் நெரிசலில் மட்டுமே ஓடும் வண்டியில் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். நான்காம் கியர் 1.15, ஐந்தாம் கியர் 0.95 என்றுள்ள வண்டியில் நான்கிலிருந்து ஐந்துக்கு மாற்றினால் எஞ்சின் சுழற்சி 17 சதவீதம் இறங்குகிறது. ஒரு பல் தருவது அதில் பாதிகூட இல்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் நான்காம் கியரிலேயே போய்க்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர், சீரான சாலையில் ஐந்துக்கு மாற்றிப் பழகினால் ஸ்பேனரைத் தொடாமலே இதைவிட அதிகம் சம்பாதிக்கலாம். ஏற்கெனவே டாப் கியரில் இருக்கிறோம், த்ராட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறது, எஞ்சின் வேலைக்கு மீறிக் கத்துகிறது, மேலே மாற்ற இன்னொரு கியர் இல்லை: இந்த நிலையில் உள்ளவருக்குத்தான் கூடுதல் பல் அர்த்தமுள்ளது.

அப்படியென்றால் ஒரு பல்லோடு ஏன் நிறுத்த வேண்டும், இரண்டு மூன்று கூட்டினால் என்ன என்ற கேள்வி வரும். பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் ஒரு வசதியான இடம் உண்டு. சுழற்சி நடுத்தரமாகவும், சுமை முழுச்சுமைக்குச் சற்றுக் கீழாகவும் இருக்கும் அந்த இடத்தில்தான் ஒவ்வொரு சொட்டுப் பெட்ரோலிலிருந்தும் அதிகபட்ச வேலை கிடைக்கிறது. சீரான ஓட்டத்தில் நாம் அந்த இடத்துக்கு வெகு கீழே, குறைந்த சுமையில் இருக்கிறோம். பல்லைக் கூட்டும்போது அதை நோக்கி நகர்கிறோம். ஆனால் அளவு மீறினால் அதைத் தாண்டிவிடுவோம். த்ராட்டில் முழுவதும் திறக்கும் நிலை வந்தால், எஞ்சினைக் காப்பாற்றவும் சக்தி கூட்டவும் கார்புரேட்டரோ இன்ஜெக்‌ஷனோ கலவையில் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே ஊற்றும். கீழ்ச் சுழற்சியில் முழுச்சுமை ஏறினால் நாக்கிங் வரும், அதாவது கலவை தாறுமாறாக எரிந்து எஞ்சின் தட்டும். செயின் வெட்டி வெட்டி இழுக்கும். சக்கரத்துக்குள் இருக்கும் அதிர்வு தாங்கும் ரப்பர்கள் அடிபடும். எஞ்சின் திணறும் ஒவ்வொரு முறையும் ஒரு கியர் கீழே இறக்குவோம். இறக்கினால், கூட்டிய பல்லின் லாபம் அந்தத் தூரத்துக்குப் போயிற்று.

ஏற்றம் இதை எவ்வளவு சீக்கிரம் வெளிக்காட்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 100 மீட்டருக்கு 4 மீட்டர் ஏறும் சாதாரண மேட்டில், அதே 200 கிலோவை 60இல் கொண்டுபோகக் கூடுதலாக 1.3 கிலோவாட் தேவை. சமதளத்தில் கேட்ட 2.2 ஒரே மேட்டில் 3.5 ஆகிவிடுகிறது. எதிர்க்காற்றும் இதே வேலையைச் செய்யும். என் வண்டியில் ஒரு பல் கூடுதலோடு இத்தகைய மேடுகளை டாப் கியரிலேயே கடக்க முடிகிறது. 16 போட்டிருந்தால் முடியாது என்பது ஓட்டும்போதே தெரிகிறது. அதனால்தான் 15 பல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

வண்டியின் வகையும் முக்கியம். மைலேஜுக்காகவே வடிவமைக்கப்பட்ட 100 சிசி வண்டிகளில் கம்பெனியே விகிதத்தை இயன்றவரை நீட்டித்தான், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுழலும்படிதான், வைத்திருக்கும். மிச்சமிருக்கும் இழுவை கொஞ்சம்தான். மாறாக, உச்சச் சுழற்சியில் சக்தி தரும்படி செய்யப்பட்ட 600 சிசி நான்கு சிலிண்டர் வண்டி 80இல் சோம்பலாகப் போகும்போது, சக்கரத்துக்குக் கொடுப்பதைவிட அதிகமான சக்தியைத் தன் உராய்வுக்கே செலவிடக்கூடும். அப்படிப்பட்ட வண்டியில் அதே ஒரு பல் கூடுதல் பலன் தருவதில் வியப்பில்லை. ஹோண்டா 2012இல் விற்பனைக்குக் கொண்டுவந்த என்சி700 இந்தத் தத்துவத்தை எஞ்சின் வடிவமைப்பிலிருந்தே தொடங்கியது. 670 சிசி, இரட்டைச் சிலிண்டர், 73 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 80 மில்லிமீட்டர் வீச்சு. உச்சச் சுழற்சி எல்லையே ஏறத்தாழ 6500தான். கீழ்ச் சுழற்சியிலேயே நல்ல முறுக்குவிசை கிடைத்ததால் நீண்ட கியரை அந்த எஞ்சின் முணுமுணுக்காமல் சுமந்தது. எஞ்சினில் இல்லாத முறுக்குவிசையை ஸ்ப்ராக்கெட்டால் உண்டாக்க முடியாது.

இனி அளவிடுவது பற்றி. எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் இருப்பது இதில்தான். பல்லை மாற்றியவர்களில் மிகப் பலர் சொல்லும் மைலேஜ் எண்கள், நல்லதோ கெட்டதோ, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் செய்த மாயம்.

மீட்டர் வேகத்தை எங்கிருந்து அளக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். முன்சக்கரத்திலிருந்து கேபிளோ சென்சாரோ வந்தால் கவலையில்லை. ஸ்ப்ராக்கெட் அதைப் பாதிக்காது. கியர்பாக்ஸின் வெளித்தண்டில் சென்சார் இருந்தால் கதையே வேறு. அந்தத் தண்டில்தான் முன் ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்திருக்கிறது. 15 பல் போட்டதும் அதே வேகத்துக்கு அது மெதுவாகச் சுற்றும். மீட்டர் குறைத்துக் காட்டும். முன்பு சரியாகக் காட்டிய மீட்டர், உண்மையில் 60இல் போகும்போது 56 என்று காட்டும். 150 கிலோமீட்டர் ஓடினால் 140 என்று எழுதும். பெட்ரோல் செலவு உண்மையில் 3 சதவீதம் மேம்பட்டிருந்தாலும், திருத்தாத ஓடோமீட்டர் கணக்கில் மைலேஜ் 4 சதவீதம் சரிந்ததுபோலத் தோன்றும். பல்லைக் குறைத்தவருக்கு நேர்மாறு: 14க்குப் பதில் 13 போட்டால் ஓடோமீட்டர் 7.7 சதவீதம் கூட்டி எழுதும். பிக்கப்பும் ஏறியது, மைலேஜும் ஏறியது என்று அவர் ஊரெல்லாம் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை; மீட்டரை நம்புகிறார். தண்டில் சென்சார் உள்ள வண்டியில் மாற்றத்துக்குப் பிந்தைய தூரத்தை 15/14ஆல், அதாவது 1.071ஆல் பெருக்கித்தான் எழுத வேண்டும். மொபைலின் ஜிபிஎஸ் துணையோடு நீண்ட தூரம் ஓட்டிச் சரிபார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்று ஐ.நா. வாகன ஒழுங்குமுறை எண் 39 சொல்கிறது. அதனால் தொழிற்சாலைகள் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அமைக்கின்றன. ஒரு பல் மாற்றம் அந்தக் கூடுதலைத் தின்றுவிட்டு, உண்மைக்குக் கீழேயும் போகக்கூடும். சில வண்டிகளில் எந்தக் கியரில் இருக்கிறோம் என்று காட்டும் எண் கூட வேகத்தையும் சுழற்சியையும் ஒப்பிட்டுக் கணிக்கப்படுகிறது. சென்சார் இருக்கும் இடத்தைப் பொறுத்து அதுவும் குழம்பலாம்.

பெட்ரோலின் அளவு இன்னொரு தலைவலி. நாம் தேடும் லாபம் 2 முதல் 4 சதவீதம். 5 லிட்டர் நிரப்பும்போது டேங்க்கின் விளிம்பை 100 மில்லிலிட்டர் தவறாகக் கணித்தாலே 2 சதவீதப் பிழை. பெட்ரோலின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் கனஅளவு ஏறத்தாழ 1 சதவீதம் விரிகிறது. டயர் காற்று, காற்றின் திசை, பின்னால் ஆள் இருப்பது, மழை எல்லாமே கணக்கைக் கலைக்கும். ஒரே டேங்க்கை வைத்துத் தீர்ப்பு எழுதுவது வீண். ஒரே பங்க்கில், நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே குறிவரை நிரப்பி, பழைய பல்லோடு பல டேங்க், புதிய பல்லோடு பல டேங்க் என்று தொடர்ந்து எழுதினால்தான் அந்தச் சிறு வித்தியாசம் இரைச்சலுக்கு மேலே தலைகாட்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர், மாற்றிய பின் வண்டி ஓடும் விதம் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்; அதுவும் நியாயமான அளவுகோல்தான்.

பொருத்தும் வேலை கடினமல்ல, கவனம் வேண்டும். ஸ்ப்ராக்கெட்டின் உள்ளிருக்கும் வரித்தடங்கள் தண்டோடு பொருந்த வேண்டும்; செயினின் அளவு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 428 என்பதில் முதல் இலக்கம், ஒரு கண்ணியின் நீளம் எட்டில் எத்தனை அங்குலம் என்பதைச் சொல்கிறது: எட்டில் நான்கு, அதாவது 12.7 மில்லிமீட்டர். 520இல் அது 15.875. பெரிய ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் எங்கும் உரசாமல் சுற்றுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். 428 செயினில் முன்னால் ஒரு பல் கூடினால் பின்சக்கர அச்சு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும். பின்னால் மூன்று பல் குறைத்தால் 10 மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டும். அச்சை நகர்த்தும் அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது நல்லது. செயின் தளர்வு எவ்வளவு என்பதற்கு வண்டியின் கையேடே அதிகாரம்.

முன் ஸ்ப்ராக்கெட் பெரிதாவதில் பெட்ரோலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நன்மையும் உண்டு. செயின் வட்டமாக வளைவதில்லை, பலகோணமாகத்தான் வளைகிறது. அதனால் ஒவ்வொரு பல்லுக்கும் அதன் வேகம் சிறிது ஏறி இறங்குகிறது. 14 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் 2.5 சதவீதம், 15இல் 2.2. ஒவ்வொரு கண்ணியும் மடங்கும் கோணமும் குறைகிறது, தேய்மானமும் குறையும். வழக்கமான செயினில் கண்ணிகள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருப்பதால், 14 பல்லில் ஒரே பல் எப்போதும் உள்கண்ணியையோ வெளிக்கண்ணியையோ மட்டும் சந்திக்கிறது. 15இல் இரண்டையும் மாறி மாறிச் சந்திக்கிறது. தேய்மானம் சமமாகப் பரவுகிறது. பழைய செயினோடு புதிய ஸ்ப்ராக்கெட் சேர்ந்தால் இந்த நன்மைகள் நிலைக்காது. நீண்டுபோன செயின் புதிய பற்களையும் சீக்கிரம் கொக்கிபோல் வளைத்துவிடும். ஆகவே செயின் செட் முழுவதையும் மாற்றும் நாள் வரும்வரை காத்திருந்து, அப்போது பல்லைக் கூட்டுவதே சரி என்பது என் கருத்து.

பெட்ரோல் மிச்சம்தான் ஒரே குறிக்கோள் என்றால், மணிக்கு 80இல் போகும் இடத்தில் 70இல் போய்ப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு விசை 23 சதவீதம் குறையும். டயரின் உருள்தடையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சாலை கேட்கும் வேலை ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது. எந்த ஸ்ப்ராக்கெட்டும் இதன் அருகில்கூட வராது. 1980 முதல் 1985 வரை அமெரிக்காவில் மோட்டார்சைக்கிள் வடிவமைப்பாளர் கிரெய்க் வெட்டர் நடத்திய மைலேஜ் போட்டிகளில் வென்ற வண்டிகள் இதையே காட்டின. காற்றைப் பிளக்கும் கூடு போர்த்திய வண்டி 1985இல் கேலனுக்கு 470 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கொடுத்தது. காற்றுத்தடை குறைந்தால் சாலை கேட்கும் வேலை குறைகிறது; வேலை குறைந்த எஞ்சினுக்குப் பிறகு இன்னும் நீண்ட கியர் கொடுக்கலாம். வரிசை முக்கியம்: தடையைக் குறைப்பது முதலில், பல்லைக் கூட்டுவது அதற்குப் பின்.

என் வண்டியில் இப்போது 15 பல்தான் ஓடுகிறது. சமவெளியில் நீண்ட தூரம் தனியாகப் போகும் என் பயணத்துக்கு அது பொருந்துகிறது. மலைப்பாதையில் சுமையோடு போக வேண்டிய காலத்துக்காக 14 பல்லையும் துடைத்து எண்ணெயிட்டு எடுத்து வைத்திருக்கிறேன். மாற்ற அரை மணி நேரம் போதும். அச்சை 3 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி, செயின் தளர்வைச் சரிபார்த்து, மறுபடி ஒரே குறிவரை டேங்க்கை நிரப்பிப் பதிவேட்டில் புதிய பக்கத்தைத் தொடங்க வேண்டும்.